சோறு கொண்டுவரும் கை

சோழவந்தானிலிருந்து மதுரைக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். என் சித்தி மகன் தினமும் மத்தியானம் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினால், வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும். ஹோட்டல்களில் இருந்து வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. ஒருநாள், "எப்பிடிடா போகுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லண்ணே. கதவத் தொறக்குற ஆளு மூஞ்சியப் பாக்காமப் பைய வாங்கிட்டாப் போதும். எந்த ஊருன்னு கேப்பாக, சொல்லுவேன். அங்க எந்தத் தெருன்னு அடுத்துக் கேட்டாத்தான் சங்கட்டமா இருக்கும்."

செயலியில் சாப்பாடு வாங்கும் பழக்கத்தின் வரலாற்றைப் பொதுவாக மூன்று வரியில் முடித்துவிடுவார்கள். 2008-ல் டெல்லியில் ஹோட்டல் மெனுக்களை இணையத்தில் ஏற்றிய ஒரு தளம் பின்னாளில் சொமேட்டோ ஆனது. 2014-ல் பெங்களூரில் ஸ்விக்கி வந்தது. 2020 ஊரடங்கு மிச்சமிருந்தவர்களையும் பழக்கிவிட்டது. ஆனால் சித்தி மகன் சொன்ன சங்கடத்துக்கு வயது இதைவிட அதிகம்.

விலைக்குச் சோறு விற்பது மதுரைக்குப் புதிதல்ல. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் பகல் அங்காடியும் இரவு அங்காடியும் வருகின்றன. நடுராத்திரியில் அப்பம் விற்பவர்கள் கடையிலேயே தூங்கி வழிகிறார்கள். தூங்கா நகரம் என்ற பெயருக்கு அது பழைய சாட்சி. ஆனால் விற்பது ஒன்று, யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது இன்னொன்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காபி கிளப்புகள் பெருகியபோது இந்தக் கேள்வி தெருவுக்கு வந்தது. காசு எல்லோரிடமும் ஒரே காசுதான், இடம் மட்டும் ஒன்றாக இல்லை. பிராமணர்களுக்குத் தனி இடம் ஒதுக்கிய கிளப்புகள் உண்டு. தலித்துகளை உள்ளே விடாத கடைகளும் உண்டு. மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத அய்யர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939 ஜூலை 8-ல். சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச்சொல்லிப் பெரியார் மறியல் தொடங்கியது 1957-ல். கோயில் கதவு திறந்து பதினெட்டு வருஷம் கழித்தும் சாப்பாட்டுக் கடையில் சண்டை முடியவில்லை. மதுரை வட்டாரக் கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் வெகுகாலம் நீடித்தது.

பார்சல் என்ற சொல்லை இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். இலையில் மடித்துத் தாளில் பொதிந்து வாங்கிவரும் பரோட்டா நமக்கு வசதி. பெஞ்சில் உட்கார அனுமதி இல்லாதவருக்கோ வாசலில் நின்று வாங்கிப் போவது ஒன்றே வழி. இரண்டும் ஒரே பொட்டலம்தான்.

உணவைச் சுமந்த கையும் நெடுங்காலம் முகம் தெரிந்த கையாகவே இருந்தது. மெஸ்ஸிலிருந்து எடுப்புச் சாப்பாடு கொண்டுவருபவரை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாசக் கடைசியில் கணக்கு. பம்பாயில் 1890 வாக்கில் தொடங்கிய டப்பாவாலாக்கள் வீட்டுச் சமையலை அலுவலகத்துக்குச் சுமந்தார்கள். வெளியே சாப்பிடத் தயங்கியவர்களுக்கு அது பெரிய உதவி. செயலி அந்தத் திசையைத் திருப்பிவிட்டது. இன்று யாரோ சமைத்ததை யாரோ கொண்டுவர, நாம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

ஒருவகையில் இது விடுதலை. வாங்குபவர் யார் என்று கடைக்காரர் கேட்பதில்லை, அடுப்படியில் யார் என்று வாங்குபவரும் கேட்பதில்லை. ஐம்பது வருஷப் போராட்டத்தில் கிடைக்காததை ஒரு பொத்தான் கொடுத்துவிட்டது என்றுகூடச் சொல்லத் தோன்றும்.

ஆனால் கொண்டுவருபவரின் பெயர் திரையில் தெரிகிறதே. 2019-ல் ஜபல்பூரில் ஒருவர், உணவு கொண்டுவருபவர் இந்து அல்ல என்று ஆர்டரையே ரத்து செய்தார். உணவுக்கு மதம் கிடையாது என்று சொமேட்டோ பதில் சொன்னது. அதே நிறுவனம் 2024 மார்ச்சில் சைவ உணவுக்கென்று தனி ஆட்களை, தனிப் பச்சைச் சீருடையோடு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பவே, அடுத்த நாளே பச்சைச் சீருடையைக் கைவிட்டது. கிளப் கடையின் தடுப்பு பைக்கில் ஏறி வந்ததைப் போலத்தான் எனக்குப் பட்டது.

இந்தத் தொழிலாளர்களுக்காகத் தமிழக அரசு 2023-ல் ஒரு நல வாரியம் அமைத்தது. தேவையான காரியம். ஆனாலும் நிறுவனங்கள் இவர்களைப் 'பார்ட்னர்' என்கின்றன. பெட்ரோல் அவன் காசு, மழை அவன் தலையில். வாசலில் ஒரு கேள்வி வந்தால் பதிலும் அவனே சொல்ல வேண்டும்.

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்கால் உள்ள ஊர் முழுக்கச் சந்தோஷம். எந்த ஊர் என்று கேட்டால் இலைக்கு மதிப்புக் கூடுகிறது. அதே கேள்வி சித்தி மகனிடம் வரும்போது அவனுக்குத் தொண்டை அடைக்கிறது.

நேற்று ராத்திரி ஒரு மணிக்கு வந்தான். அன்றைக்கு முப்பது வீட்டுக்குச் சோறு கொடுத்திருக்கிறான். சித்தி எடுத்து வைத்திருந்த ரசம் சோற்றைத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

"இன்னைக்கு ஒரு வீட்டுல, 'உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போப்பா'ன்னாக" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஆனால் அதை இரண்டு தடவை சொன்னான்.