தொப்பிப் பூனைக்காரரும் ஒரு பென்னி பெட்ரோலும்

எங்க வீட்டு வாண்டுக்கு ராத்திரி கதை படிச்சுக் காட்டுறது என் டிபார்ட்மெண்ட். தொப்பி போட்ட பூனை, தூசிக்குள்ள ஒரு ஊரையே கண்டுபிடிச்ச யானைன்னு டாக்டர் சூஸ் புத்தகங்கள் எனக்கே மனப்பாடம். இந்த மனுஷன் யாருப்பான்னு ஒரு நாள் தேடப் போய் என் தூக்கம் போனதுதான் மிச்சம். அதைத்தான் இங்கே கொட்டப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

டாக்டர் சூஸின் நிஜப் பெயர் தியோடர் கைசல். 1941 முதல் 1943 தொடக்கம் வரை நியூயார்க்கில் வந்துகொண்டிருந்த 'பி.எம்.' என்ற இடதுசாரிச் சாய்வுள்ள நாளிதழுக்கு 400க்கும் மேற்பட்ட அரசியல் கார்ட்டூன்கள் வரைந்திருக்கிறார். எல்லாமே இரண்டாம் உலகப் போர் சமாச்சாரம்.

முதலில் என்னைப் பிடிச்சு நிறுத்தியது 1941 அக்டோபரில் வந்த படம். அப்போ அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. விமானி லிண்ட்பர்க் மாதிரி பிரபலங்கள் 'ஐரோப்பாக்காரன் அடிச்சுக்கிட்டா நமக்கென்ன' என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். படத்தில் ஒரு அம்மா. அவர் சட்டையில் அந்தக் கட்சிக்காரர்களின் அமைப்பான 'அமெரிக்கா ஃபர்ஸ்ட்' பெயர். பிள்ளைகளுக்குக் கதை படிக்கிறார். கதைப் புத்தகத்தின் பெயர் 'அடால்ஃப் ஓநாய்'. ஓநாய் குழந்தைகளை மென்னு எலும்பைத் துப்பிடுச்சாம், ஆனா அதெல்லாம் வெளிநாட்டுக் குழந்தைங்க, அதனால பரவாயில்லையாம்! பிள்ளைகள் முகத்தில் ஈயாடவில்லை.

பார்த்ததும் சிரிச்சேன். அடுத்த நொடி சிரிப்பு தொண்டையில் சிக்கிக்கொண்டது. நாமும் அந்த அம்மாதானே? நல்ல நையாண்டி இப்படித்தான், சுட்டுவிரலைப் படிக்கிறவன் பக்கமே திருப்பும். கறுப்பினத்தவருக்கும் யூதர்களுக்கும் போர்த் தொழிற்சாலைகளில் வேலை மறுக்கப்படுவதையும் இதே மனிதர் வெளுத்து வாங்கியிருக்கிறார். 'அட, நம்மாளு!' என்று குஷியாக அடுத்தடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டே போனேன்.

1942 பிப்ரவரி 13. பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து ரெண்டு மாசம் ஆகியிருந்தது. படத்தில் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரை. வாஷிங்டன், ஓரிகன், கலிஃபோர்னியா என்று மூன்று மாநிலங்களிலிருந்தும் ஜப்பானிய அமெரிக்கர்கள் ரேஷன் கடை க்யூ மாதிரி வரிசையில் வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே மூக்குக்கண்ணாடி, ஒரே இளிப்பு. வரிசை முடியும் இடத்தில் ஒரு சாவடி. ஆளுக்கொரு பொட்டலம் வெடிமருந்து அங்கே கொடுக்கிறார்கள். கூரை மேல் ஒருத்தன் தொலைநோக்கியோடு கடலைப் பார்க்கிறான். தாய்நாட்டிலிருந்து சிக்னல் வரணுமாம்.

சத்தியமாகச் சொல்றேன், கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தை மூடிட்டு எழுந்து போயிட்டேன்.

ஆறே நாளில், பிப்ரவரி 19 அன்று, அதிபர் ரூஸ்வெல்ட் 9066 எண்ணுள்ள ஆணையில் கையெழுத்துப் போட்டார். ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு, கடை, தோட்டத்தை எல்லாம் விட்டுவிட்டு முள்வேலி முகாம்களுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். கார்ட்டூனைப் பார்த்துத்தான் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார்னு நான் சொல்ல வரலை. ராணுவமும் அரசியல்வாதிகளும் ஏற்கனவே நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஆனா எதிர்த்துக் குரல் கொடுத்திருக்க வேண்டிய முற்போக்கு வாசகனையும் 'அப்படித்தானே இருக்கும்' என்று தலையாட்ட வைக்க இந்த மாதிரி ஒரு படம் போதும்.

எனக்கு இன்னும் வலிச்சது வேற. கைசலின் தாத்தா தலைமுறை ஜெர்மனியிலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மன் வம்சாவளிக் குடும்பங்கள் மேல் சந்தேகப் பார்வை விழுந்த காலத்தில் மாசசூசெட்ஸில் வளர்ந்த பையன் அவர். ஹிட்லரை ஹிட்லராக, தனி ஒரு ஆளாக வரையத் தெரிந்தவர், பக்கத்துத் தெரு ஜப்பானியரை மட்டும் ஒரே அச்சில் வார்த்துவிட்டார். ஜெர்மனியில் 'டெர் ஸ்டூர்மர்' பத்திரிகை யூதர்களை வரைந்ததும் இதே உத்தியில்தான். எல்லோருக்கும் ஒரே மூக்கு!

அப்படியே அட்லாண்டிக்கைத் தாண்டி லண்டனுக்கு வாங்க. அடுத்த மாசம், 1942 மார்ச். 'டெய்லி மிரர்' பத்திரிகையில் ஃபிலிப் ஸெக் என்ற யூதக் கலைஞர் ஒரு படம் போட்டார். இருட்டுக் கடல். கப்பல் மூழ்கி, ஒரு மாலுமி மரத்துண்டு மாதிரி ஒரு மிதவையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறான். கீழே ஒரே வரி: பெட்ரோல் விலை ஒரு பென்னி ஏற்றம், அரசு அறிவிப்பு.

ஸெக் சொல்ல வந்தது, 'பெட்ரோலை வீணாக்காதீங்க, அது மாலுமிகளின் உயிரைக் கொடுத்து வருது' என்பது. சர்ச்சில் அரசுக்கோ 'எண்ணெய் முதலாளியின் லாபத்துக்காக மாலுமி சாகிறான்' என்று பட்டது. உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் பத்திரிகையை இழுத்து மூடிவிடுவோம் என்று மிரட்டினார். உளவுத்துறை ஸெக்கின் ஜாதகத்தைத் துருவியது. நாடாளுமன்றத்தில் விவாதமே நடந்தது.

ரெண்டு பேரும் போரை ஆதரித்தவர்கள்தான். ரெண்டு படமும் ஒரு வகையில் பிரசாரம்தான். ஆனா ஸெக் படம் வண்டி ஓட்டும் வாசகனைப் பார்த்துக் கேள்வி கேட்டது. கைசல் படம் வாசகனிடம் எதுவுமே கேட்கவில்லை, 'நீ நல்லவன், கெட்டவன் அதோ அவன்' என்று முதுகில் தட்டிக் கொடுத்தது. உண்மை பேசிய படத்துக்கு அரசு மிரட்டல். பொய் சொன்ன படம் அரசு போக்குக்கு வசதியாகப் போனது. 1983ல் அமெரிக்க நாடாளுமன்றம் நியமித்த ஆணையமே, அந்த மேற்குக் கடற்கரை மக்கள் உளவு பார்த்ததற்கோ நாசவேலை செய்ததற்கோ ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. 1988ல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் கொடுத்தது.

கைசல் 1953ல் ஜப்பான் போனார். அடுத்த வருஷம் யானைக் கதை வந்தது. தூசி அளவு இருக்கும் ஜனங்களும் ஜனங்கள்தான் என்று ஊரே கேலி செய்தாலும் ஒற்றையாக நிற்கும் யானை. அந்தப் புத்தகத்தைக் கியோட்டோவைச் சேர்ந்த நண்பர் மிட்சுகி நகமுராவுக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறார். இதையே அவர் செய்த பிராயச்சித்தமாகப் பலரும் படிக்கிறார்கள். எனக்கும் அப்படிப் படிக்கத்தான் ஆசை. ஆனா முகாமில் அடைபட்டவர்கள் கியோட்டோக்காரர்கள் இல்லையே, கலிஃபோர்னியாக்காரர்கள் ஆச்சே என்பதும் உறுத்துது.

நேத்து ராத்திரி வாண்டு மறுபடி யானைக் கதைதான் வேணும்னு அடம். எத்தனையோ தடவை படிச்ச புத்தகம், சமர்ப்பணப் பக்கத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நேத்து அதையும் சேர்த்துப் படிச்சேன். "யாருப்பா அது?" என்றாள். "பெரிய கதை, நீ வளர்ந்தப்புறம் சொல்றேன்" என்று சமாளிச்சாச்சு.

சொல்லித்தான் ஆகணும். உங்களுக்கும் இப்படிச் சிரிச்சுட்டு அப்புறம் நெளிஞ்ச கார்ட்டூன் ஏதாவது ஞாபகம் இருந்தா எழுதுங்க மக்களே.