பயணிகள் எண்ணிக்கையும் பணியாளர் வாழ்வும்

கோவையிலிருந்து உதகை செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள காரமடைக்குச் சுற்றுலா என்பது ஏட்டில் மட்டும் படிக்கும் பொருள் அல்ல. அரங்கநாதர் கோயிலின் மாசி மகத் தேரோட்டத்துக்கு வருவோரும், கோடையில் நீலகிரிக்கு விரைவோரும் இவ்வூரின் உணவகங்களுக்கும் தேநீர்க் கடைகளுக்கும் ஆதாரமாக உள்ளனர். எனவே, 'சுற்றுலா பெருகினால் வேலைவாய்ப்பு பெருகும்' என்று அடிக்கடி கூறப்படுவதை இங்கிருந்து ஆராய்வது பொருத்தமாக இருக்கும்.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கணக்குப்படி, தமிழகத்தில் உள்நாட்டுப் பயணிகளின் வருகை 2019-இல் 49 கோடியைத் தாண்டியது. கரோனா பெருந்தொற்றால் 2021-இல் சுமார் 11.5 கோடியாகச் சரிந்து, 2023-இல் சுமார் 28.6 கோடியாக உயர்ந்தது. இவை மனிதர்களின் எண்ணிக்கை அல்ல, வருகைகளின் எண்ணிக்கை. காலையில் வந்து மாலையில் திரும்பும் பக்தரும், மூன்று இரவுகள் அறையெடுத்துத் தங்கும் குடும்பமும் உருவாக்கும் வேலை ஒன்றாகாது.

வேலைவாய்ப்பைக் கணக்கிடுவதில் நாம் இன்னும் பின்தங்கியுள்ளோம். தேசிய அளவிலான காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் சுருக்க அட்டவணைகளில் ஹோட்டல்களும் உணவகங்களும் வணிகத்துடன் சேர்த்தே காட்டப்படுகின்றன. 2023-24-இல் நாட்டின் மொத்தப் பணியாளர்களில் இப்பிரிவினர் சுமார் 12 சதவீதம். மளிகைக் கடை ஊழியரும் விடுதிச் சமையலரும் ஒரே கட்டத்தில் அடைபடும்போது, விருந்தோம்பல் துறையின் ஏற்ற இறக்கம் எவர் கண்ணிலும் படுவதில்லை.

சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி, 2024 மே மாதம் முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பு விதிக்கப்பட்டது. வேலை பறிபோகும் என்ற வணிகர்களின் அச்சத்தில் உண்மை உண்டு. குறிப்பாக, கடந்து செல்லும் வாகனங்களை நம்பியிருக்கும் காரமடை, மேட்டுப்பாளையம் கடைகளுக்கு. எனினும், கூட்டம் ஆண்டு முழுவதும் பரவி, வருவோர் கூடுதல் நாள்கள் தங்கினால், மூன்று மாத வேலை பன்னிரண்டு மாத வேலையாகக்கூடும். மலையின் தாங்குதிறனும் தொழிலாளியின் நலனும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

'உள்ளூர் இளைஞர்கள் வருவதில்லை. வடமாநிலத்தவர் இல்லையேல் அடுப்பு எரியாது' என்பது கொங்கு மண்டல உணவக உரிமையாளர்கள் பலரின் புலம்பல். உழைக்க மனமில்லை என்று இளைஞர்களைப் பழிப்பது எளிது. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் நான் வேறொன்றைக் காண்கிறேன். இத்துறையின் ஊதியத்தில் உணவும் தங்குமிடமும் ஒரு பகுதி. தொலைவிலிருந்து வருபவருக்கு அது பெரும் மதிப்புடையது. வீடும் குடும்பமும் இங்கேயே உள்ளவருக்கு அதனால் பயன் குறைவு. அவர் கையில் வரும் ரொக்கத்தையும், இரவு வீடு திரும்பும் நேரத்தையுமே கணக்கிடுகிறார். அருகிலுள்ள ஆலையோ பட்டறையோ மேலானதாகத் தெரிவதில் வியப்பில்லை.

உணவக ஊழியர்களின் வேலை நேரத்தையும் விடுமுறையையும் முறைப்படுத்த 1958-லேயே தமிழகம் தனிச் சட்டம் இயற்றியது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், பணி நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. குறித்த காலப் பணியாளருக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை என்கின்றன. ஆனால், கோடைப் பருவத்துக்கு மட்டும் அமர்த்தப்படுபவர் அந்த ஓராண்டை எட்டுவது எங்ஙனம்?

இதற்கு அரசு மூன்று செயல்களை மேற்கொள்ளலாம். மாவட்டவாரியாக விடுதி, உணவகப் பணியாளர்களைத் தனியே கணக்கெடுக்க வேண்டும். 2023-இல் வெளியிடப்பட்ட மாநிலச் சுற்றுலாக் கொள்கையின் கீழ் வழங்கப்படும் சலுகைகளை, முதலீட்டுத் தொகையோடு மட்டுமன்றி, வருங்கால வைப்பு நிதியிலும் தொழிலாளர் ஈட்டுறுதியிலும் சேர்க்கப்பட்டோர் எண்ணிக்கையோடும் இணைக்க வேண்டும். பருவகாலப் பணியாளர் வெவ்வேறு முதலாளிகளிடம் பணியாற்றிய நாள்களைக் கூட்டிக் கணக்கிட்டு, பணிக்கொடைக்கு வழிகாண வேண்டும்.

எத்தனை கோடிப் பேர் வந்தனர் என்பது விளம்பரத்துக்குரிய எண். அவர்களுக்கு இலை போட்டவரின் முதுமைக்கு என்ன சேர்ந்தது என்பதே பொருளாதாரம் கேட்க வேண்டிய கேள்வி.