கண்டியில் உளச்சிகிச்சை

மனச்சோர்வாலும் பதகளிப்பாலும் அவதிப்படும் வயதுவந்தோருக்குக் கண்டி நகரிலும் அதைச் சூழ்ந்த பேராதனை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை, கலஹா போன்ற இடங்களிலும் பேச்சின் வழியே அளிக்கப்படும் சிகிச்சையை இக்கட்டுரை விவரிக்கிறது. உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. பெரும்பாலும் வாரம் ஒருமுறை, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை, வந்தவரோடு உட்கார்ந்து பேசுகிறார். பேச்சே மருந்து என்றானபின் எந்த மொழியில் பேசுவது என்பது சிறிய விடயமல்ல. 2012 குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ 13.7 இலட்சம் பேர் வாழும் கண்டி மாவட்டத்தில் சுமார் நான்கிலொருவர் தமிழரோ முஸ்லிமோ ஆவர். தமிழில் சிகிச்சை தரக்கூடியவர்களோ மிகக் குறைவு.

அரச சேவையின் மையங்கள் கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனை போதனா வைத்தியசாலையும். பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1962இல் தொடங்கியது. அதன் உளமருத்துவத் துறையினர் போதனா வைத்தியசாலையில் கிளினிக் நடத்துகிறார்கள். சிறிய வைத்தியசாலைகளில் உளநல வைத்திய அதிகாரிகளும், பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். தனியார் நிலையங்களில் நேரம் பதிந்து, கட்டணம் செலுத்திப் பார்ப்பவர்களும் உண்டு. சிகிச்சை உளவியலில் முறையான பட்டப்பின் பயிற்சி தருவது முக்கியமாகக் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் முதுதத்துவமாணிப் படிப்பு. சில வாரச் சான்றிதழோடு ஆலோசகர் என்று பலகை மாட்டுவோரும் இருப்பதால், எங்கே என்ன படித்தீர்கள் என்று கேட்பதில் தவறில்லை.

வருபவர்களில் பலர் மனசு சரியில்லை என்று தொடங்குவதில்லை. நெஞ்சு படபடப்பு, தலைப்பாரம், வயிற்றெரிவு, தூக்கமின்மை என்று சொல்லி, ஈ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை எல்லாம் முடித்து, ஒன்றுமில்லை என்ற பதிலோடு அலைந்து களைத்த பிறகே உளநலக் கிளினிக்கின் வாசலுக்கு வருகிறார்கள். வெளிநாட்டு வினாக்கொத்துகளை அப்படியே பெயர்த்துக் கேட்டால் இவர்கள் அளவில் நோய் பிடிபடாமல் போகலாம். பேராதனை ஆய்வாளர்கள் உள்நாட்டில் மனச்சோர்வு வெளிப்படும் விதத்துக்கு ஏற்ப உருவாக்கிய ‘பேராதனை மனச்சோர்வு அளவுகோல்’ 2012இல் வெளியானது.

பரவலாகக் கையாளப்படுவது, அமெரிக்கரான ஆரன் பெக் 1960களில் வகுத்த அறிகை நடத்தைச் சிகிச்சை. மனச்சோர்வில் முதல் வேலை படுக்கையைவிட்டு எழுப்புவதுதான். குளிப்பது, கடைக்குப் போவது, ஒருவரோடு பேசுவது என்று நாளுக்கு ஒன்றிரண்டு செயல்களைக் குறித்துக்கொண்டு, அவற்றைச் செய்தபின் மனம் எப்படி இருந்தது என்று பார்ப்பார்கள். பதகளிப்பில் அஞ்சியதைப் படிப்படியாக நெருங்க வேண்டும். பஸ் ஏறினாலே மூச்சு முட்டுகிறது என்பவர் முதலில் பஸ் நிலையத்தில் சும்மா நின்றுவிட்டு வருவார்; பிறகு பேராதனைவரை ஒரு பயணம்; கடைசியில் கடுகண்ணாவை வளைவுகள். பயம் தானாக ஏறித் தானாக இறங்குவதை உடம்பே கற்றுக்கொள்கிறது.

அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பது இம்முறையின் வழக்கமான கேள்வி. கண்டியில் அந்தக் கேள்வியை யோசித்துத்தான் கேட்க வேண்டும். 2018 மார்ச்சில் திகன, அக்குறணை உள்ளிட்ட பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு, நாடு முழுவதும் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. கடை எரிந்தவரின் பயம் சிந்தனைப் பிழையல்ல.

உலக உளச்சிகிச்சைக்குக் கண்டி கொடுத்ததும் கொஞ்சமல்ல. ஜெர்மனியில் பிறந்து 1936இல் இலங்கைக்கு வந்த ஞானபோனிக தேரர், உடவத்தக்கலைக் காட்டிலிருந்த ஆசிரமத்தில் 1994இல் மறையும்வரை வாழ்ந்தார். 1958இல் கண்டியில் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். விழிப்புநிலைத் தியானம் பற்றி அவர் எழுதிய நூல் மேற்கில் பரவலாக வாசிக்கப்பட்டது. உளப்பகுப்பாய்வாளர் எரிக் ஃப்ரொம் அவரைப் போற்றி எழுதினார். மனச்சோர்வு திரும்ப வராமல் தடுக்க இன்று பல நாடுகளில் பயன்படும் விழிப்புநிலைச் சிகிச்சைக்கு வித்திட்ட எழுத்துகளில் அந்நூலும் ஒன்று. பேராதனையில் மெய்யியல், உளவியல் துறைப் பேராசிரியராக இருந்த பத்மசிறி டி சில்வா 1973இலேயே பௌத்தத்தையும் ஃப்ராய்டையும் ஒப்பிட்டு நூல் எழுதியவர்.

பேராதனையில் கற்பித்த மானுடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1985இல் ஒரு வம்பான வாதத்தை வைத்தார். வாழ்வே துக்கம் என்று நம்பும் சமூகத்தில், மேற்கத்தியர் நோயென்று பார்க்கும் நம்பிக்கையிழப்பு ஒரு மெய்யியல் நோக்காகவே கொள்ளப்படலாம் என்றார். அந்த வாதம் உளமருத்துவர்களை யோசிக்க வைத்தது உண்மை. ஆனாலும் பசியும் தூக்கமும் போய், பிள்ளையைத் தூக்கக்கூட மனமில்லாமல் கிடக்கும் தாயை அது விளக்கிவிடவில்லை.

கலஹாவுக்குப் போகும் வீதியை அண்டிய நிலம்பை தியான நிலையத்துக்கு வெளிநாட்டார் பலர் வந்து மனம் அமைதியாகிப் போகிறார்கள். அதே வீதியில் இன்னும் சற்றுப் போனால் கலஹாவின் தேயிலைத் தோட்டங்கள். அங்கிருந்து கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் கண்டிக்குக் கிளினிக் வந்தால் அன்றைய ‘பேர்’, அதாவது நாட்கூலி, போய்விடும். வாரம் ஒருமுறை என்ற ஏற்பாடு அவருக்குக் கட்டுப்படியாகாது. எழுதிக்கொண்டு வரச் சொல்லும் வீட்டுவேலை எழுதப் பழகாதவருக்குப் பயனற்றது. அதைப் பேச்சாக மாற்ற வேண்டும். தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயன் வீட்டில் தனிமை கிடையாது. மொழிபெயர்க்க மகளையோ கணவரையோ உட்கார வைத்தால், அவர்களைப் பற்றிச் சொல்ல வந்ததே சொல்லப்படாமல் போகும். கோயிலில் நூல் கட்டுவதும் நேர்த்தி வைப்பதும் பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்போ கூடவோ நடக்கின்றன. விவரமறிந்த சிகிச்சையாளர் அதைத் தடுப்பதில்லை.

தற்கொலை பற்றிய பேச்சையும் சிகிச்சையாளர் தவிர்ப்பதில்லை. இலங்கையின் தற்கொலை வீதம் 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்து, பத்தாண்டில் பாதியானது. கொடிய பீடைகொல்லிகளைத் தடைசெய்ததே அதற்கு முதன்மைக் காரணம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தற்கொலை முயற்சி குற்றமல்ல என்று 1998இல் சட்டம் திருத்தப்பட்டது, உதவி கேட்டு வருவதிலிருந்த ஒரு தடையை நீக்கியது.

மனநல வைத்தியசாலை இருப்பதால் ‘அங்கொடை’ என்ற ஊர்ப்பெயரையே ஏளனமாகச் சொல்லிப் பழகிய நாட்டில் முகம் காட்டாமல் பேச விரும்புவோர் பலர். 1974இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பின் தொண்டர்கள் தீர்ப்புச் சொல்லாமல் கேட்கிறார்கள். அதற்குக் கண்டியிலும் கிளை உண்டு. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலவச இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.