சிவகங்கைச் சீமை: வாசிக்கும் முன், பார்க்கும் முன்

ஒரு நூற்பகுதியை வாசிப்பதற்கு முன்போ, ஒரு திரைப்படத்தைப் பார்ப்பதற்கு முன்போ, மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை வெளிக்கொணர்ந்து, கவனிக்க வேண்டியவற்றைக் கேள்விகளாகத் தந்து ஆயத்தப்படுத்துவது முன்வாசிப்பு, முன்பார்வை உத்தி எனப்படும். தேசிய அடையாளம் பற்றிய பாடங்களுக்கு இது பெரிதும் பயன்படும். 1801ஆம் ஆண்டின் திருச்சிப் பிரகடனமும், 1959இல் வெளிவந்த 'சிவகங்கைச் சீமை' திரைப்படமும் இதற்கு ஏற்ற பாடப்பொருள்கள்.

உத்தியின் தோற்றம்

ஜெர்மானியக் கல்வியாளர் ஹெர்பார்ட்டின் (1776–1841) வழிவந்தோர் வகுத்த ஐந்து கற்பித்தல் படிகளில் முதற்படி ஆயத்தம். தமிழக ஆசிரியர்களின் பாடக்குறிப்பேடுகளிலும் இப்படி நெடுங்காலம் இடம்பெற்றது. 1960இல் டேவிட் ஆசுபெல், புதிய செய்திக்கு முன்பே அதன் பொதுச் சட்டகத்தைத் தருவது கற்றலுக்கு உதவும் என்றார். 1986இல் டோனா ஓகிள், 'தெரிந்தது, தெரிய விரும்புவது, தெரிந்துகொண்டது' என்ற மூன்று கட்ட அட்டவணையை முன்வைத்தார்.

வரலாற்றுப் பின்னணி

நாட்டரசன்கோட்டை, சிவகங்கைக்கும் காளையார்கோவிலுக்கும் இடையே அமைந்த பேரூர். கண்ணுடைய நாயகி அம்மன் கோவிலாலும், கம்பர் சமாதி என்று மக்கள் போற்றும் இடத்தாலும் அறியப்படுவது. இதன் இருபுறமும் உள்ள ஊர்களில்தான் அந்த வரலாறு நடந்தது.

1772இல் நவாபின் படையும் கும்பினிப் படையும் காளையார்கோவிலைத் தாக்கியபோது மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அரசி வேலு நாச்சியார் விருப்பாச்சியில் தங்கி, ஹைதர் அலியின் உதவியுடன் 1780இல் சீமையை மீட்டார். 1801இல், தப்பிவந்த ஊமைத்துரைக்கு மருது சகோதரர்கள் அடைக்கலம் தந்தனர். அவ்வாண்டு ஜூன் 16 அன்று சின்ன மருதுவின் பிரகடனம் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோவில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அக்டோபர் 1 அன்று காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24 அன்று இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டனர்.

பிரகடனத்தை வாசிக்கும் முன்

முதலில் சொற்களைத் தெளிவாக்க வேண்டும். பாளையம், சீமை, நாடு, தேசம், சம்புத்தீவு ஆகியவற்றுக்கு மாணவர்கள் தாம் கருதும் பொருளை எழுதட்டும். 1801இல் 'இந்தியா' என்ற அரசியல் நாடு இல்லை. பிரகடனம் அழைப்பது சம்புத்தீவின் மக்களை.

அடுத்து, ஊகம். "ஒரு பாளையத் தலைவர் யாரையெல்லாம் போருக்கு அழைத்திருப்பார்?" என்று கேட்டால், தம் குடிகளை, தம் உறவினரை என்றே பெரும்பாலும் விடை வரும். அதன்பின் வாசித்தால், பிராமணர் முதல் இசுலாமியர் வரை எல்லா வகுப்பாரையும் விளித்திருப்பது தனித்துத் தெரியும். ஐரோப்பியரிடம் பணிபுரிந்த சுபேதார், ஜமேதார், அவில்தார்களுக்கும் அதில் அழைப்பு உண்டு. தங்களுக்குள் ஒற்றுமை இன்றி ஒருவரையொருவர் தூற்றியதால்தான் நாடு பறிபோனது என்பது அதன் மையக் கருத்து.

வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் 1971இல் எழுதிய நூலில் 1800–1801 கிளர்ச்சியை முதல் விடுதலைப் போர் என்றார். 1857க்கே அப்பெயர் பொருந்தும் என்போரும் உண்டு. எது சரி என்று ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிடாமல், "ஒரு போரைத் தேசத்தின் போர் ஆக்குவது எது?" என்ற கேள்வியுடன் வாசிக்கச் செய்வதே முறை.

படம் பார்க்கும் முன்

'சிவகங்கைச் சீமை'யைத் தயாரித்தவர் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன், இயக்கியவர் கே. சங்கர். அதே ஆண்டில்தான் பி. ஆர். பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படமும் வந்தது. கட்டபொம்மன் 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தது வரலாறு. பள்ளி மேடைகளில் இன்றும் முழங்கும் வரி குறித்த வசனமோ சக்தி கிருஷ்ணசாமியின் எழுத்து. இந்த வேறுபாடு தெரியாத மாணவர், வசனத்தையே சான்றாக எழுதிவிடுவார்.

எனவே படத்துக்கு முன் மூன்று கேள்விகள் போதும். எந்தப் பாத்திரம் ஆவணத்தில் உண்டு, எது கற்பனை? பெண்களுக்கு என்ன இடம் தரப்பட்டுள்ளது? விடுதலை பெற்றுப் பன்னிரண்டே ஆண்டுகளான நிலையில் இப்படம் பார்வையாளரிடம் எந்த உணர்வை எழுப்ப முயன்றது? பிறகு, 1801 போரில் எதிர்ப்பக்கம் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளுடன் ஒப்பிடலாம். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுத்தந்தவர் சின்ன மருதுவே என்று அவர் மதிப்புடன் எழுதியுள்ளார்.

இன்றைய தேவை

ஆண்டுதோறும் அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரிலும் 27 அன்று காளையார்கோவிலிலும் நினைவு நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. அந்நாள்களில் பலத்த காவல் போடப்படுவதை இவ்வட்டார மாணவர்கள் கண்கூடாகக் காண்கின்றனர். எல்லா வகுப்பாரையும் அழைத்தவர்கள் இன்று ஒரு சாதியின் அடையாளமாக மட்டும் சுருக்கப்படுவதும் உண்டு. சுவரொட்டி முந்திக்கொண்டால், மாணவர் மனத்தில் அதுவே வரலாறாகப் பதியும். பிரகடனத்தையும் அதற்கு முந்திய கேள்விகளையும் வகுப்பறை முந்தித் தருமானால், தம் ஊர்ப் பெருமையையும் தேசம் என்ற பரந்த எண்ணத்தையும் ஒன்றுக்கொன்று பகையாக்காமல் மாணவர்கள் புரிந்துகொள்ள வழி பிறக்கும்.