கல்லில் பெயர் பெறாத கலைஞர்கள்

சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளம், காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் பிறந்த ஊர் எனப் பெயர் பெற்றது. கோவில்பட்டியில் நாதசுர மேதை காருகுறிச்சி அருணாசலத்துக்குச் (1921–1964) சிலை நிற்கிறது. ஆனால், இவ்வட்டாரத்துச் சேரிகளில் வாழ்ந்து பறை முழக்கிய கலைஞர்களுக்கு ஒரு பெயர்க்கல்லைக் காண்பதும் அரிது.

பறையோ பழம்பெரும் இசைக்கருவி. தொல்காப்பியம் அதனை நிலத்தின் கருப்பொருள்களுள் வைத்தது. புறநானூறு பறையனைத் தொல்குடியாக எண்ணியது. பின்னாளில் அக்கலை சாவு வீட்டு ஊழியமாக நம்மீது சுமத்தப்பட்டது. அவ்வூழியத்தை மறுத்துப் பறையைக் கீழே வைத்தோர் தன்மானம் காத்தவர்களே. எனினும் இழிவு ஊழியத்தில் இருந்ததேயன்றி இசையில் இல்லை.

கரிசலில் பருத்தி எடுத்த நம் முன்னோரைப் போன்றே, அமெரிக்கக் கறுப்பின மக்களும் பருத்திக் காடுகளில் உழைத்தனர். அவர்தம் துயரில் பிறந்தது ‘புளூஸ்’ இசை. அதன் பேரரசி எனப் போற்றப்பட்ட பெஸ்ஸி ஸ்மித் 1937-இல் மறைந்தார். அவரது கல்லறை 1970 வரை பெயரின்றிக் கிடந்தது. 2006 முதலோ, மிசிசிப்பி மாநிலத்தில் அக்கலைஞர்கள் பிறந்த, பாடிய இடங்களில் நினைவுப் பலகைகள் நிறுவப்பட்டன.

இங்கும் காலம் மாறுகிறது. அலங்காநல்லூர்ப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் 2025-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஆகவே, கற்ற இளைஞர்களே! ஊர் முதியோரை அணுகி, மறைந்த கலைஞர்களின் பெயர், ஆசான், அடிவகை, முழக்கிய களம் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். கல் நடுவதற்கு முன் பெயர் வேண்டும். அதனை எழுதும் கல்வி இன்று நம் கையில் உண்டு.