பிரேசிலின் கரும்பு, நார்வேயின் மின்சாரம்

பெட்ரோலை விட்டு விலகுவதென்று ஒரு நாடே முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பெரிய சான்றுகள் உண்டு. எண்ணெய்க்குத் தவித்த பிரேசில் கரும்பிலிருந்து எடுக்கும் எத்தனாலை நம்பி இறங்கியது. எண்ணெய் விற்றே செல்வம் சேர்த்த நார்வே மின்சாரத்துக்கு மாறியது. இரண்டில் எந்த எரிபொருள் உயர்ந்தது என்றுதான் பெரும்பாலும் விவாதம் நடக்கிறது. அரசை நம்பிப் புதுவகை வண்டி வாங்கியவர் கடைசியில் என்ன ஆனார் என்று பார்த்தால், இரண்டு நாடுகளின் கதையும் இன்னும் தெளிவாகப் புரியும்.

1973 எண்ணெய் நெருக்கடியின்போது பிரேசில் தன் எண்ணெய்த் தேவையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. 1975 நவம்பரில் அதிபர் கெய்செலின் அரசு புரோஆல்கூல் என்ற எத்தனால் திட்டத்தை அறிவித்தது. ஆலைகளுக்கு மலிவான கடன், அரசு நிறுவனமான பெட்ரோபிராஸ் வழியே விநியோகம், பெட்ரோலைவிடக் குறைந்த விலை என்று எல்லா ஏற்பாடும் நடந்தது. 1979-ல் முழுக்க எத்தனாலில் ஓடும் ஃபியட் 147 வந்தது. குளிரான காலையில் எத்தனால் சட்டென்று பற்றாது. அதற்காக இந்தக் கார்களின் பானட்டுக்குள் சிறிய பெட்ரோல் டப்பா ஒன்றை வைத்து, ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்சம் பீய்ச்ச வழி செய்தார்கள். அந்தச் சிரமத்தையும் மக்கள் பொறுத்துக்கொண்டார்கள். எண்பதுகளின் நடுவில் விற்பனையான புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பதுக்குமேல் எத்தனால் கார்களே.

1986-ல் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. பணவீக்கத்தில் திணறிய அரசு, ஆலைகளுக்குத் தரும் எத்தனால் விலையை இறுக்கிப் பிடித்தது. உலகச் சந்தையில் சர்க்கரைக்கு நல்ல விலை கிடைக்கவே, ஆலைகள் கரும்பைச் சர்க்கரைக்குத் திருப்பின. 1989 முடிவில் பெட்ரோல் பங்குகளில் எத்தனால் தட்டுப்பாடு. வரிசையில் நின்றவர்களின் வண்டிக்கு வேறு எரிபொருள் ஒத்துவராது. அந்த அனுபவத்துக்குப் பிறகு யார் வாங்குவார்கள்? தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எத்தனால் கார் விற்பனை ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது.

நார்வேயின் தொடக்கம் மிகச் சிறியது. 1989-ல் ‘அ-ஹா’ இசைக்குழுவின் மோர்ட்டன் ஹார்க்கெட், மாக்னே ஃபுருஹோல்மன் இருவரும் பெலோனா என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் ஃபிரெடெரிக் ஹௌகேயும் மின்கார்களுக்குச் சலுகை கேட்டு, மின்சாரத்துக்கு மாற்றிய ஒரு ஃபியட் பாண்டாவில் சுங்கச்சாவடிகளைக் கட்டணம் கட்டாமலே கடந்தார்கள். அபராதம் சேர்ந்து வண்டி பறிமுதலாகி ஏலத்துக்கு வந்தது, அவர்களே மீட்டுக்கொண்டார்கள். பிறகு சலுகைகள் ஒவ்வொன்றாக வந்தன: 1990-ல் இறக்குமதி வரி விலக்கு, 1997-ல் சுங்கக் கட்டண விலக்கு, 2001-ல் மதிப்புக் கூட்டு வரி விலக்கு, 2005-ல் பேருந்துத் தடத்தில் ஓட்ட அனுமதி. பெட்ரோல் கார்களுக்கு அங்கே ஏற்கெனவே கடுமையான வரி இருந்ததால், வரியை நீக்கியதுமே மின்கார் விலையில் போட்டியிட முடிந்தது.

நிசான் லீஃப் போன்ற உருப்படியான கார் அங்கே விற்பனைக்கு வந்ததோ 2011-ல். நல்ல வண்டி வரும்வரை இருபது ஆண்டு அரசின் சலுகை காத்திருந்தது என்பதுதான் நார்வேயிடம் நான் மிகவும் மதிப்பது. திரும்பப் பெறும்போதும் படிப்படியாகவே பெற்றார்கள். 2023-ல் ஐந்து லட்சம் குரோனருக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2024-ல் விற்ற புதுக் கார்களில் ஏறத்தாழ 89 சதவீதம் மின்கார்கள். எண்ணெய்ப் பணம் உள்ள அரசால்தான் இவ்வளவு வரியை விட்டுக்கொடுக்க முடியும் என்பதையும் மறுக்க முடியாது.

பிரேசில் மீண்டது 2003-ல். எத்தனால், பெட்ரோல், இரண்டின் எந்தக் கலவையிலும் ஓடும் ஃபோக்ஸ்வாகன் கோல் கார் அந்த ஆண்டு வந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, மிஞ்சினால் 70 சதவீதம்தான் இருக்கும். எனவே பெட்ரோல் பங்கில் நிற்பவர் எத்தனால் விலையைப் பெட்ரோல் விலையால் வகுத்துப் பார்ப்பார், 0.7-க்குக் கீழே வந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல். ஆலைகள் சர்க்கரைக்குத் திரும்பினாலும் இனி அவர் வண்டி நடுத்தெருவில் நிற்காது.

ஆற்றலை வீணாக்காத வகையில் மின்சாரத்துக்கே என் ஓட்டு. எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக இழக்கிறது. மோட்டார் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குத் தருகிறது. ஆனால் நார்வேயின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அருவிகளும் ஆறுகளும் தருவது. பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநிலக் கரும்பும் பெரும்பாலும் மழையிலேயே விளைகிறது. நம் ஊர்க் கரும்புக்கோ வாய்க்காலோ ஆழ்துளைக் கிணறோ இல்லாமல் முடியாது.

இந்தியா 2025-ல் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டியது. கலப்பில்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, பத்து சதவீதக் கலவைக்கு ஏற்பச் சரிசெய்த கார்களில் இதனால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணித்திருந்தது. ஆற்றல் குறைவதால் விலையும் குறைய வேண்டும் என்றும் அது சொன்னது. விலை குறையவில்லை. பழைய வண்டி வைத்திருப்பவருக்குப் பங்கில் பத்து சதவீதக் கலவை பரவலாகக் கிடைப்பதுமில்லை. அந்தக் கலவைக்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு குழாயாவது ஒதுக்கி, இருபது சதவீதக் கலவையின் விலையை மைலேஜ் இழப்புக்கு ஏற்ப இறக்குவதை அரசு இனியும் தள்ளிப்போடக் கூடாது.