கணக்கைக் கலைக்கும் மேளம்

டேனிஷ்காரர் என்றால் நமக்குத் தரங்கம்பாடிதான் ஞாபகம் வரும். 1620இல் வந்தார்கள், 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அதற்கு இருபது வருஷம் கழித்து, டென்மார்க்கின் ஃபூனன் தீவில் பிறந்தவர் கார்ல் நீல்சன். அவருடைய ஐந்தாம் சிம்பொனியைக் கேட்கப் போகிறவர்களை முதலில் புதுக்கோட்டைக்குப் போய் வரச் சொல்வேன்.

காரணம், மான்பூண்டியா பிள்ளை. பஜனையில் தட்டிக்கொண்டிருந்த, உடும்புத் தோல் போர்த்திய கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றியவர் அவர். சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பெயரெடுத்தார். புதுக்கோட்டை வழி என்றாலே கணக்கு. தனி ஆவர்த்தனத்தில் பாட்டு நின்றுவிடும், தாளம் மட்டும் ஓடும். வாசிக்கிறவர் எங்க வேணும்னாலும் போகலாம். ஆனா மோரா, கோர்வை எல்லாம் வைத்து, கடைசியில் எடுப்புக்கு வந்தாகணும். வராவிட்டால் அது சுதந்திரம் இல்லை, தப்பு.

நீல்சன் இதைத் தலைகீழாக்குகிறார். முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1920இல் தொடங்கிய சிம்பொனி இது. 1922 ஜனவரி 24 அன்று கோபன்ஹேகனில் அவரே நடத்தி அரங்கேற்றினார். முதல் பகுதியில் தந்தி வாத்தியங்கள் மெதுவாக ஒரு பெரிய மெட்டை விரித்துக்கொண்டிருக்கும்போது ஸ்னேர் டிரம் குறுக்கே புகுகிறது. நம்ம ஊர் போலீஸ் பேண்டில் தோளில் மாட்டி அடிப்பார்களே, அதேதான். அதற்குத் தனிக் காலப்பிரமாணம். பிறகு ஒரு கட்டத்தில், இசைக்குழுவை எப்படியாவது நிறுத்திவிடுகிற மாதிரி மனோதர்மமாக அடிக்கச் சொல்கிறார். (கஞ்சிராவுக்கு ஒன்றுவிட்ட உறவான தம்பூரினும் அந்தக் குழுவில் உண்டு. அதுக்கு இந்த உரிமை கிடையாது.) பதினாலு வயதில் ஓடன்ஸ நகரத்துப் பட்டாளப் பேண்டில் ஊதுகுழல் வாசித்தவர் நீல்சன். அந்த மேளத்துக்குப் பின்னால் யார் நடந்து போவார்கள் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

சிம்பொனி கேட்பதற்கு மெட்டைப் பின்தொடரச் சொல்வார்கள். இங்கே அது போதாது என்பது என் கட்சி. தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள். டிரம் நுழைந்ததும் கை தடுமாறும். மெட்டோடு போவதா, மேளத்தோடு போவதா? எடுப்புக்காகக் காத்திருந்து பழகிய காதுக்குத்தான் அந்தப் பதற்றம் முழுசாக உறைக்கும். 1924இல் ஸ்டாக்ஹோமில் கால்வாசிப் பேர் பாதியிலேயே எழுந்து போனார்களாம்.

கடைசியில் இசைக்குழு மேளத்தை மூழ்கடித்துவிடுகிறது. அதன்பின் ஒற்றைக் கிளாரினெட் மட்டும் முனகுகிறது. டிரம் எங்கோ தூரத்தில் தட்டித் தட்டித் தேய்ந்து போகிறது. தீர்மானம் வைக்கவே இல்லை.